மேல் அம்புக்குறியைச் சோதிப்பது எப்படி? கட்டளைவரி ஹிஸ்டரிக்கும் வரித்திருத்தத்துக்கும் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு கட்டளைவரிக் கருவிக்கு நூற்றுக்கணக்கான டெஸ்ட்கள் இருக்கும், எல்லாம் தேறியும் இருக்கும். புது வெளியீட்டை நிறுவிய பயனர் மேல் அம்புக்குறியைத் தட்டுவார். போன கட்டளை வராது. ஒரு தொப்பிக்குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, ஓர் ஆங்கில எழுத்து என்று நான்கு எழுத்துகள் திரையில் வந்து விழும். அன்றைக்கு வரும் புகார்களில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

பெரும்பாலும் காரணம் சின்னது. அடித்த கட்டளைகளின் பட்டியலையும் (ஹிஸ்டரி) வரித்திருத்தத்தையும் கவனிக்கும் ரீட்லைன் நூலகத்தின் மேம்பாட்டுத் தொகுப்பு, கருவியைக் கட்டிய இயந்திரத்தில் இல்லை. பைதானை மூலத்திலிருந்து கட்டும்போது அந்தத் தொகுப்பு இல்லாவிட்டாலும் கட்டுமானம் நிற்காது. ரீட்லைன் மாட்யூல் மட்டும் விடுபட்டுப் போகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் இந்த விஷயத்தில் கறாரானது: ரீட்லைன் கிடைக்கவில்லை என்றால் அமைவுக் கட்டத்திலேயே நின்றுவிடும், வேண்டாம் என்று நாமாகச் சொன்னால்தான் மேலே போகும். அந்தக் கறார்தான் சரி என்பேன்.

டெஸ்ட்கள் ஏன் இதைப் பிடிக்கவில்லை? அவை எல்லாம் விசைப்பலகைக்குப் பதில் பைப் வழியாக, அதாவது வேறொரு நிரலின் வெளியீட்டிலிருந்து, உள்ளீடு கொடுத்தவை. உள்ளீடு டெர்மினலிலிருந்து வரவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலான கருவிகள் வரித்திருத்தத்தையே ஒதுக்கிவிட்டு வரிவரியாகப் படிக்கத் தொடங்கும். பைதானின் இன்புட் ஃபங்க்ஷனும் உள்ளீடு, வெளியீடு இரண்டும் டெர்மினலாக இருந்தால்தான் ரீட்லைனைத் தொடும். ஆகவே பைப் வழி ஆயிரம் டெஸ்ட் எழுதினாலும் அம்புக்குறிக்கு அதில் ஒன்றுகூடக் கணக்கில் வராது. பைப் டெஸ்ட் வேண்டியதுதான். டெர்மினல் இல்லாதபோது கருவி ஒழுங்காக நடக்கிறதா, ப்ராம்ப்டை (கட்டளைக்குக் காத்திருப்பதாகக் காட்டும் குறியை) வெளியீட்டில் கலக்காமல் இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. இந்த ஒப்பீட்டில் அதற்கு அதற்குமேல் இடமில்லை.

மீதி மூன்று வழிகள்: நிரலுக்குள்ளேயே சோதிப்பது, போலி டெர்மினல் வைத்து வெளியிலிருந்து சோதிப்பது, திரையைப் படித்துச் சோதிப்பது. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. எந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசையாக இரண்டு முறை அடித்த கட்டளை ஹிஸ்டரியில் ஒரு முறைதான் நிற்க வேண்டும் என்பது விதி சம்பந்தப்பட்டது. மேல் அம்புக்குறி என்ற பைட் வரிசை அந்த விதியைச் சென்று சேர்கிறதா என்பது வயரிங் சம்பந்தப்பட்டது. நீண்ட வரி மடங்கும்போது முதல் வரியின் மேலேயே எழுத்து விழுகிறதா என்பது திரை சம்பந்தப்பட்டது. விதியைத் திரையில் சோதிக்கப் போனால் டெஸ்ட் மெதுவாகும், அடிக்கடி பொய்யாகத் தோற்கும். திரையை நிரலுக்குள் சோதிக்கப் போனால் பிழை கண்ணிலேயே படாது.

நிரலுக்குள்ளேயே

இதுதான் மலிவான வழி, வேகமான வழி. பைதானில் ப்ராம்ப்ட் டூல்கிட் பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அந்த நூலகமே ஒரு பைப் உள்ளீட்டையும் எதையும் அச்சிடாத ஒரு போலி வெளியீட்டையும் தருகிறது. விசைகளை எழுத்துச்சரமாக உள்ளே அனுப்பி, திரும்பி வரும் வரியை ஒப்பிட்டால் போதும். நினைவகத்திலேயே இருக்கும் ஹிஸ்டரி வகையும் உண்டு, ஆகவே கோப்பே தேவைப்படாது. ரீட்லைனைச் சி மொழியில் பயன்படுத்துகிறவர்கள், எழுத்து வாங்கும் ஃபங்க்ஷன் சுட்டியை மாற்றித் தங்கள் ஃபங்க்ஷனை வைக்கலாம். அது முன்பே எழுதிவைத்த பைட்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கும். வெளியீட்டு ஸ்ட்ரீமை, எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டால் சத்தமும் இருக்காது.

ஹிஸ்டரி விதிகள் முழுவதும் இங்கேதான் சோதிக்கப்பட வேண்டும். எத்தனை கட்டளை நிற்கலாம் என்ற எல்லையை 3 என்று வைத்து 5 கட்டளை போடுங்கள். கடைசி மூன்று மட்டும், அதே வரிசையில் நிற்க வேண்டும். எல்லையை 0 ஆக்கிப் பாருங்கள்; சொந்தமாக எழுதிய வளையப் பட்டியல்கள் பல இந்த இடத்தில்தான் பூஜ்யத்தால் வகுத்து விழும். எல்லையைவிடப் பெரிய கோப்பைக் கொடுத்து ஏற்றிப் பாருங்கள்: கடைசி வரிகள் வர வேண்டும், முதல் வரிகள் அல்ல. வெற்று வரி, வெறும் இடைவெளிகள், இடைவெளியில் தொடங்கும் கட்டளை, அடுத்தடுத்த இரட்டை, இடைவிட்டு வரும் இரட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனி டெஸ்ட். பாஷ் ஷெல்லிலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லிலும் எல்லையின் இயல்பு மதிப்பு 500, லைன்நாய்ஸ் என்ற சிறு வரித்திருத்த நூலகத்தில் 100. உங்கள் கருவியின் எண் எதுவோ, ஆவணத்தில் சொன்னதும் நிரலில் இருப்பதும் ஒன்றா என்பதையும் ஒரு டெஸ்ட் பார்த்துக்கொள்ளட்டும்.

அதிகம் பேர் மறக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. பாதி வரி அடித்திருக்கும்போது மேலே போய்விட்டுக் கீழே திரும்பினால் அந்தப் பாதி வரி அப்படியே இருக்க வேண்டும். 12 என்று அடித்து, மேல், கீழ், பிறகு 34, என்டர்: நிரலுக்கு 1234 கிடைக்க வேண்டும். அடுத்தது இன்னும் நுணுக்கமானது. பழைய கட்டளைக்குப் போய், அதில் ஓர் எழுத்தை மாற்றி, என்டர் அடிக்காமல் கீழே வந்து வேறு கட்டளையைக் கொடுத்தால் பழைய பதிவு மாறியிருக்க வேண்டுமா, வேண்டாமா? ரீட்லைன் தன் இயல்பில் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளும். பாஷில் ஹிஸ்டரி பட்டியலைப் பார்த்தால் அந்தப் பதிவின் அருகே ஒரு நட்சத்திரக்குறி நிற்கும். புதிய வரியில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு என்ற அமைப்பைப் போட்டால்தான் அது திரும்பும். ப்ராம்ப்ட் டூல்கிட் அந்த மாற்றத்தைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டில் எது உங்கள் பயனருக்கு வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள். முடிவெடுத்ததை டெஸ்டில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் நூலகத்தை மாற்றும் நாளில் யாருக்கும் தெரியாமல் நடத்தை மாறிவிடும்.

இந்த வழியால் முடியாதது என்ன? சிக்னல், டெர்மினல் அமைப்பு, பைட் நேரம், அகலம், கட்டுமானத்தில் நூலகம் விடுபட்டது. முதல் பத்தியில் சொன்ன பிழையை இந்த வகை டெஸ்ட் ஒருபோதும் பிடிக்காது.

போலி டெர்மினல் வைத்து

சூடோ டெர்மினல், சுருக்கமாகப் பிடிஒய், கருவிக்கு உண்மையான டெர்மினல் போலவே தெரியும். இந்தப் பக்கம் டெஸ்ட் நிரல் விசைகளை அனுப்பி, வரும் பைட்களைப் படிக்கும். டான் லைப்ஸ் 1990-இல் டிசிஎல் மொழியில் தந்த எக்ஸ்பெக்ட் இதற்கு மூதாதை. பைதானில் பிஎக்ஸ்பெக்ட், பெர்லில் ஐஓ-பிடிஒய். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் பிஎஸ்கியூஎல் கருவியின் டேப் நிரப்பலை இந்த வழியில்தான் சோதிக்கிறது. அந்த டெஸ்ட் கோப்பு பெர்லில் இருக்கிறது. சொந்தமாக எழுதப் போகும் எவரும் முதலில் அதைத் திறந்து படிப்பது நல்லது. ஏனென்றால் சுற்றுச்சூழலைச் சுத்தம் செய்யும் வேலையை அது காரணத்தோடு எழுதிக் காட்டுகிறது.

அந்தச் சுத்தம் இல்லாமல் பிடிஒய் டெஸ்ட் எழுதுவது மணலில் சுவர் கட்டுவதுதான். ரீட்லைனின் அமைப்புக் கோப்பு எங்கே என்று சொல்லும் இன்புட்ஆர்சி மாறியை டெவ்-நல்லுக்குக் காட்டுங்கள். இல்லையென்றால் டெவலப்பரின் வீட்டுக் கோப்புறையில் இருக்கும் விஐ முறை அமைப்பு டெஸ்டுக்குள் புகுந்துவிடும். ஹோம் மாறியும் ஹிஸ்டரிக் கோப்பின் பாதையும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிய தற்காலிகக் கோப்புறையாக இருக்கட்டும். லோக்கேல் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறி ஒன்று நீக்கப்பட வேண்டும், இல்லை ஒரே மதிப்பில் நிலையாக இருக்க வேண்டும். பிஎஸ்கியூஎல் டெஸ்ட் அதை நீக்கிவிடுகிறது, ரீட்லைன், அதற்கு மாற்றான லிப்எடிட் ஆகியவற்றின் பதிப்புகள் வெவ்வேறு கட்டுப்பாட்டு வரிசைகளை அனுப்புவதால் வெளியீடு வேறுபடுவதைத் தவிர்க்க.

இப்போது ஒரு டெஸ்டைக் கிட்டத்தில் பார்ப்போம். நோக்கம்: இடது அம்புக்குறி வேலை செய்கிறதா. ப்ராம்ப்ட் வரும்வரை காத்திருங்கள். 12345 அனுப்புங்கள். பிறகு 27, 91, 68 என்ற மூன்று பைட்களை இரண்டு முறை; அதுதான் இடது அம்புக்குறி. பிறகு 9. கடைசியில் பைட் 13. நிரலுக்குக் கிடைத்த வரி 123945 ஆக இருக்க வேண்டும்.

எளிதாகத் தெரிகிறது. தவறு நடக்கும் இடங்கள் இவை.

ப்ராம்ப்ட் வரும் முன்பே விசைகளை அனுப்பினால், கருவி இன்னும் டெர்மினலை ரா முறைக்கு (விசைகளை நேராகக் கருவிக்கே விடும் நிலைக்கு) மாற்றியிருக்காது. கெர்னலே எழுத்துகளைத் திருப்பி எதிரொலிக்கும், பிறகு ரீட்லைனும் எதிரொலிக்கும், எல்லாம் இரண்டிரண்டாக வரும். அதே சமயத்தில் மிக நீண்ட வரியை அனுப்பினால் லினக்ஸில் 4096 பைட்டுக்கு மேல் உள்ளது காணாமல் போகும், மேக்கில் 1024-க்கு மேல். பிஎக்ஸ்பெக்ட் ஒவ்வொரு அனுப்பலுக்கு முன்னும் 50 மில்லிவினாடி காத்திருப்பதன் காரணம் இந்த எதிரொலிச் சிக்கல்தான். அது ஒட்டுப்போடுவது மட்டுமே; சுமை ஏறிய சிஐ (தானியங்கிச் சோதனை) இயந்திரத்தில் 50 மில்லிவினாடி போதாது. காத்திருக்க வேண்டியது நேரத்துக்காக அல்ல, ப்ராம்ப்டுக்காக. காலவரம்பு தாராளமாக இருக்கட்டும்: போஸ்ட்கிரெஸின் டெஸ்ட்கள் இயல்பாக 180 வினாடி தருகின்றன. டெஸ்ட் தேறும்போது அந்தக் காலவரம்பால் ஒரு வினாடிகூடச் செலவாவதில்லை.

அம்புக்குறியின் மூன்று பைட்களையும் ஒரே எழுதலில் அனுப்ப வேண்டும். தனித்தனியாக அனுப்பி நடுவில் தாமதம் விழுந்தால் கருவி முதல் பைட்டைத் தனி எஸ்கேப் விசை என்று எடுத்துக்கொள்ளலாம். ரீட்லைனில் இந்தக் காத்திருப்பு 500 மில்லிவினாடி, ப்ராம்ப்ட் டூல்கிட்டிலும் அரை வினாடி. அதே காரணத்தால் தனி எஸ்கேப்பைச் சோதிக்கும்போது அடுத்த விசையை ஒட்டி அனுப்பக் கூடாது. அம்புக்குறிக்கு இன்னொரு வடிவமும் உண்டு: நடுப் பைட் 91-க்குப் பதில் 79. டெர்மினல் அப்ளிகேஷன் முறையில் இருந்தால் இதுதான் வரும். ரீட்லைன் இரண்டையும் ஏற்கும். சொந்தமாக எழுதிய திருத்தி ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டு, எழுதியவரின் டெர்மினலில் மட்டும் வேலை செய்வது சகஜம். இரண்டையும் அனுப்புங்கள். பேக்ஸ்பேஸுக்கும் அப்படியே, 127-ம் 8-ம்.

என்டர் விசை இன்னொரு பொறி. விசைப்பலகை அனுப்புவது 13. பிஎக்ஸ்பெக்டின் வரி அனுப்பும் ஃபங்க்ஷன் லினக்ஸில் கடைசியில் சேர்ப்பது 10. ரீட்லைன் இரண்டையும் என்டராக எடுத்துக்கொள்வதால் வித்தியாசம் தெரியாது. 10-ஐ மட்டும் கையாளும் திருத்தி டெஸ்டில் தேறி, மனிதர் கையில் தோற்கும். ஆகவே 13-ஐ வெளிப்படையாக அனுப்புங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி, ப்ராம்ப்ட் இரண்டாம் முறை வருவது. ப்ராம்ப்ட் ஒரு > குறியும் ஓர் இடைவெளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12345678 அடித்துவிட்டுக் கண்ட்ரோல்-ஏ, அதாவது பைட் 1, அனுப்புகிறீர்கள். கர்சர் பத்தாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குப் போக வேண்டும். எட்டு முறை பின்னால் போவதைவிட வரியின் தொடக்கத்துக்குத் தாவி இரண்டு எழுத்து முன்னே வருவது மலிவு என்று ரீட்லைன் கணக்குப் போடுகிறது. தாவிவிட்டு, ப்ராம்ப்டையே மறுபடி அச்சிட்டு அந்த இடத்துக்கு வருகிறது. திரையில் எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் பைட் ஓடையில் ப்ராம்ப்ட் இன்னொரு முறை வந்துவிட்டது. ப்ராம்ப்டுக்காகக் காத்திருக்கும் டெஸ்ட், கட்டளை முடிந்துவிட்டது என்று நம்பி அடுத்த படிக்குப் போய்விடும். வரி சிறியதாக இருந்தால் இது நடக்காது, பெரியதாக இருந்தால் நடக்கும். எப்போதாவது தோற்கும் டெஸ்ட் என்று பலரும் கைவிடும் டெஸ்ட்களில் நல்ல பங்கு இந்த வகை.

தீர்வு: திருத்தும்போது வரும் பைட்களை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். கருவி ஏற்றுக்கொண்ட வரியைச் சோதியுங்கள். கருவியில் பெற்ற வரியை அப்படியே சதுர அடைப்புக்குள் போட்டு அச்சிடும் ஒரு டெஸ்ட் கட்டளையோ மறைவான அமைப்போ வைத்துவிட்டால், [123945] என்ற சரத்துக்காக மட்டும் காத்திருக்கலாம். அது எதிரொலியில் வர வாய்ப்பில்லை, ஏனென்றால் அடைப்புக்குறியை நீங்கள் தட்டவே இல்லை. இந்த ஒரு ஏற்பாடு பிடிஒய் டெஸ்ட்களின் பெரும்பகுதித் தலைவலியைத் தீர்க்கும்.

ரீட்லைன் 8.1 வெளிவந்தபோது, ஒட்டிய உரையின் இரு முனையிலும் குறி போடும் அடைப்புக்குறி ஒட்டுமுறை இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கு முன்னும் 8 பைட் கொண்ட ஒரு கட்டுப்பாட்டு வரிசை கூடுதலாக வர, ப்ராம்ப்டை வரியின் தொடக்கத்தில் எதிர்பார்த்த எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட்கள் உடைந்தன. டெர்ம் மாறியை நீக்கினால் இதுவும் அடங்கும். அதோடு நிறுத்தக் கூடாது. ஒட்டுமுறைக்கென்று தனி டெஸ்ட், டெர்ம் மதிப்போடு, வேண்டும். தொடக்கக் குறி, நடுவில் ஒரு புதிய வரியோடு இரண்டு கட்டளை, முடிவுக் குறி என்று அனுப்பினால் என்டர் அடிக்கும்வரை எதுவும் இயங்கக் கூடாது. இணையப் பக்கத்திலிருந்து எதையோ நகலெடுத்து ஒட்டும் பயனருக்கு இதுதான் காப்பு.

கண்ட்ரோல்-சி சோதிக்கும்போது பைட் 3 அனுப்பினால் மட்டும் போதாது. அந்தப் பிடிஒய் சேய் நிரலின் கட்டுப்பாட்டு டெர்மினலாக இருந்தால்தான் கெர்னல் அதைச் சிக்னலாக மாற்றும். பிஎக்ஸ்பெக்ட் இதைத் தானே செய்கிறது; கையால் பிடிஒய் திறப்பவர்கள் புதிய செஷன் தொடங்க மறந்துவிடுகிறார்கள். எதிர்பார்ப்பு: வரி அழிய வேண்டும், புது ப்ராம்ப்ட் வர வேண்டும், அழிந்த வரி ஹிஸ்டரியில் சேரக் கூடாது, கருவி சாகக் கூடாது. கண்ட்ரோல்-டி, பைட் 4, வெற்று வரியில் வெளியேற வேண்டும். எழுத்து இருக்கும் வரியில் கர்சரில் உள்ள எழுத்தை அழிக்க வேண்டும். முன்னோக்கித் தேடும் கண்ட்ரோல்-எஸ், பைட் 19, பல அமைப்புகளில் கருவிக்குப் போய்ச் சேரவே சேராது. டெர்மினலின் ஓட்டக் கட்டுப்பாடு அதை விழுங்கி வெளியீட்டை நிறுத்திவிடும். டெஸ்ட் அசையாமல் நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

முடிவிலும் ஒரு சிக்கல். பல கருவிகள் ஹிஸ்டரியை வெளியேறும்போதுதான் எழுதுகின்றன. டெஸ்ட் அவசரப்பட்டுப் பிடிஒய்யை மூடினால் கருவிக்கு ஹேங்-அப் சிக்னல் போகும், கோப்பு எழுதப்படலாம், எழுதப்படாமலும் போகலாம். கண்ட்ரோல்-டி அனுப்பி, ஓடை முடியும்வரை படித்து, சேய் நிரல் முடிந்ததை உறுதிசெய்து, அதன்பிறகு கோப்பைத் திறங்கள். லினக்ஸில் ஓடையின் முடிவு வெற்றுப் படிப்பாக வராது. உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை, எண் 5, என்று வரும். அது தோல்வி அல்ல, முடிவு.

விண்டோஸில் கதை வேறு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்துதான் கான்பிடிஒய் என்ற போலி டெர்மினல் ஏற்பாடு உண்டு. பிஎக்ஸ்பெக்டின் வழக்கமான வழி அங்கே இல்லை. அங்கே கிடைக்கும் மாற்று வகுப்பு பைப் வழியாக ஓடுகிறது, ஆகவே வரித்திருத்தத்தை அது தொடாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

திரையைப் படித்து

சில பிழைகளில் ஏற்ற வரி சரியாகவே இருக்கும், காட்சி மட்டும் சிதறும். வண்ண ப்ராம்ப்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பச்சை நிறம் தொடங்க 5 பைட், நிறம் முடிய 4 பைட். அச்சாகாத இந்தப் பைட்களைச் சுற்றி 1, 2 என்ற மதிப்புள்ள குறி பைட்களை வைத்தால்தான் ரீட்லைன் அவற்றை அகலத்தில் சேர்க்காது. வைக்காவிட்டால் ப்ராம்ப்ட் 9 கட்டம் கூடுதல் அகலம் என்று நம்பி, வரியை முன்கூட்டியே மடக்கும். கர்சர் ஓரிடத்திலும் எழுத்து இன்னோரிடத்திலும் நிற்கும். சின்ன வரிகளில் இது தெரியாது.

இதைப் பிடிக்க டெர்மினல் எமுலேட்டர் வேண்டும். பைதானில் பி-ஒய்-டி-இ என்று எழுத்துக்கூட்டும் சிறு நூலகம் ஒன்று இருக்கிறது: பிடிஒய்யிலிருந்து வரும் பைட்களை அதற்கு ஊட்டினால் திரையின் ஒவ்வொரு வரியையும் கர்சரின் இடத்தையும் தரும். ஒரே டெர்மினலுக்குள் பல டெர்மினல்களைத் திறக்கும் டிமக்ஸும் இதற்கு ஏற்றது. தனிச் சாக்கெட், வெற்று அமைப்புக் கோப்பு, 40 பத்தி (குறுக்கே 40 எழுத்து), 10 வரி என்ற அளவில் பின்னணியில் ஒரு செஷன். சென்ட்-கீஸ் கட்டளையால் விசைகள், கேப்ச்சர்-பேன் கட்டளையால் திரை. இரண்டில் பைதான் நூலகத்தையே நான் முன்னால் வைப்பேன். பைட்களை ஊட்டியது நீங்கள் என்பதால் எப்போது படம் எடுப்பது என்பது உங்கள் கையில். டிமக்ஸில் திரை வரைந்து முடிந்ததா என்று தெரியாது. எதிர்பார்த்த படம் வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். டிமக்ஸின் பலம் வேறு: உண்மையான, நாள்தோறும் பலர் பயன்படுத்தும் ஒரு டெர்மினல் அது.

இங்கே டெர்ம் மாறியை நீக்கக் கூடாது. நீக்கினால் ரீட்லைன் வரியை மடக்காமல் பக்கவாட்டில் நகர்த்தத் தொடங்கும், மடிப்புப் பிழை எதுவும் வெளிவராது. அகலத்தை வேண்டுமென்றே சிறிதாக வையுங்கள். 40 பத்தித் திரையில் 37, 38, 39 எழுத்து என்று மடிப்பின் இரு பக்கமும் நிற்கும் நீளங்களை அடித்து, ஒவ்வொன்றிலும் பேக்ஸ்பேஸ், கண்ட்ரோல்-ஏ, மேல் அம்புக்குறி. பிறகு வரியின் நடுவில் இருக்கும்போது அளவை 40-லிருந்து 60-க்கு மாற்றுங்கள். பிடிஒய் டெஸ்ட்களுக்கு நேர்மாறாக 200 பத்திக்கு மேல் அகலம் வைக்க வேண்டும், அங்கே மடிப்பு வெறும் தொந்தரவு.

தமிழ் எழுத்து இந்த வழிக்கு அருமையான சோதனைப் பொருள். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறியீடு, யூடிஎஃப்-8-இல் 15 பைட். புள்ளி அகலமில்லாத குறி. இகரக் குறி இடம் பிடிக்கும் குறி என்ற வகையில் வருகிறது. வழக்கமான லினக்ஸின் சி நூலகம் புள்ளிக்கு 0 கட்டமும் இகரத்துக்கு 1 கட்டமும் தருவதால் அந்தச் சொல்லுக்கு 4 கட்டம் என்று ரீட்லைன் கணக்கிடும். டெர்மினல் வேறு கணக்குப் போட்டால் கர்சர் விலகும். பேக்ஸ்பேஸிலும் இந்த வேறுபாடு தெரியும்: 'ழ்' மேல் அடித்தால் ரீட்லைன் புள்ளியையும் ழகரத்தையும் சேர்த்து அழிக்கும், 'மி' மேல் அடித்தால் இகரக் குறியை மட்டும் அழிக்கும். பிழை என்று சொல்வதற்கில்லை, அகலக் கணக்கின் விளைவு. சொந்தத் திருத்தி எழுதியவர்கள் குறைந்தது ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்: பேக்ஸ்பேஸ் ஒரு குறியீட்டின் 3 பைட்டில் ஒன்றை மட்டும் அழித்து உடைந்த வரியை விட்டுவைக்கக் கூடாது. ஆங்கிலம் மட்டும் வைத்து எழுதிய டெஸ்ட்கள் இதைக் காட்டவே காட்டா.

திரை டெஸ்ட்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். நூலகப் பதிப்பு மாறினால் மாறும், எமுலேட்டர் மாறினாலும் மாறும். முழுத் திரையையும் ஒப்பிடாமல் ஒரு வரியையும் கர்சர் பத்தியையும் மட்டும் ஒப்பிடுவது நல்லது.

ஹிஸ்டரிக் கோப்பு

மூன்று வழிக்கும் பொதுவான ஒன்று, வட்டில் இருக்கும் கோப்பு. அதில் சில விஷயங்களைப் பிடிஒய் வைத்துத்தான் பார்க்க முடியும். இரண்டு செஷன்களை ஒரே சமயத்தில் திறந்து, முதலாவதில் 111, இரண்டாவதில் 222 அடித்து, முதலாவதை முதலில் மூடுங்கள். கோப்பில் இரண்டும் இருக்கின்றனவா? பாஷில் பின்னால் சேர்க்கும் அமைப்பைப் போடாவிட்டால் கடைசியாக மூடியது முந்தியதை அழித்து எழுதும் வாய்ப்பு உண்டு. பல வரிக் கட்டளையை அடித்து மூடி, மறுபடி திறந்து மேல் அம்புக்குறி தட்டினால் ஒரே கட்டளையாக வர வேண்டும். பிஎஸ்கியூஎல் இதற்காக உள்ளே இருக்கும் புதிய வரியைக் கோப்பில் மதிப்பு 1 உள்ள பைட்டாக மாற்றி எழுதுகிறது.

ரீட்லைனும் லிப்எடிட்டும் கோப்பை வெவ்வேறு வடிவில் எழுதுகின்றன. லிப்எடிட் முதல் வரியில் தன் அடையாளச் சரத்தைப் போட்டு, ஒவ்வோர் இடைவெளியையும் பின்சாய்கோட்டோடு 040 என்று மாற்றிவைக்கும். மேக்கில் ரீட்லைன் என்ற பெயரில் கிடைப்பது லிப்எடிட்தான். ஒரே வீட்டுக் கோப்புறையை இரண்டு கட்டுமானங்கள் பகிர்ந்தால் பழைய கட்டளைகளில் இடைவெளி இருந்த இடமெல்லாம் \040 தெரியும். ஜிபிஎல் உரிமத்தைத் தவிர்க்க லிப்எடிட்டோடும் கட்டித் தருகிறவர்கள் இரண்டு கட்டுமானத்திலும் எல்லா டெஸ்டையும் ஓட்ட வேண்டும். பைதான் 3.13-லிருந்து ரீட்லைன் மாட்யூலைக் கேட்டால் எந்த நூலகம் பின்னால் இருக்கிறது என்று சொல்லும்; டெஸ்டின் முதல் வரியே அதைக் கேட்டுப் பதிவுசெய்யட்டும்.

ரகசியங்கள் மிக முக்கியம். கோப்பின் அனுமதி 600 ஆக இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் கருவி பாஸ்வேர்ட் என்ற சொல் வரும் கட்டளைகளை இயல்பாகவே ஹிஸ்டரிக் கோப்பில் எழுதாது, ரெடிஸ் கருவி ஆத் கட்டளையை ஹிஸ்டரியில் சேர்க்காது. உங்கள் கருவியில் கடவுச்சொல் வாங்கும் ஒவ்வொரு வழியிலும் ஒரு தனித்த சரத்தைக் கொடுத்து, செஷனை மூடி, தற்காலிகக் கோப்புறை முழுவதிலும் அந்தச் சரத்தைத் தேடுங்கள். கண்ட்ரோல்-சி அடித்து நடுவில் நிறுத்திய வழியையும் விடாதீர்கள். இந்த டெஸ்ட் இல்லாமல் வெளியீடு போகக் கூடாது.

எதை எடுப்பது

ரீட்லைனையோ லிப்எடிட்டையோ அப்படியே பயன்படுத்தும் கருவி என்றால் அந்த நூலகத்தை மறுபடி சோதிக்க வேண்டாம். கண்ட்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கிறதா என்பது அவர்கள் பொறுப்பு. உங்கள் பொறுப்பு இணைப்பு. பத்துப் பன்னிரண்டு பிடிஒய் டெஸ்ட் போதும்: மேல் அம்புக்குறி, இடது அம்புக்குறி, கண்ட்ரோல்-ஆர் தேடலும் கண்ட்ரோல்-ஜி அடித்தால் பழைய வரி திரும்புவதும், கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-டி, டேப், ஒட்டுமுறை, பல வரி, இரண்டு செஷன், ரகசியம். ப்ராம்ப்டில் வண்ணம் இருந்தால் ஒரு திரை டெஸ்ட். நூலகம் விடுபட்ட கட்டுமானத்தில் இவை தவிர்க்கப்படலாம், ஆனால் வெளியீட்டுக் கட்டுமானத்தில் தவிர்ப்பே தோல்வியாக எண்ணப்பட வேண்டும். தொடக்கத்தில் சொன்ன பிழையை அடைக்கும் கதவு இதுதான்.

ப்ராம்ப்ட் டூல்கிட் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பகுதியை நிரலுக்குள் வைத்துக்கொள்ளலாம். சிக்னலுக்கும் கோப்புக்கும் நான்கைந்து பிடிஒய் டெஸ்ட். சொந்தமாக வரித்திருத்தி எழுதியவர்களுக்கு மூன்றும் வேண்டும், அதில் விலக்கு இல்லை. நிரலுக்குள் நூறு டெஸ்ட் வந்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டு வடிவ அம்புக்குறிகள், இரண்டு பேக்ஸ்பேஸ், 10-ம் 13-ம், மடிப்பு எல்லைகள் எல்லாம் அவர்கள் தலையில்தான். அந்தச் செலவைப் பார்த்த பிறகும் சொந்தத் திருத்தி வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

எந்த வழியை எடுத்தாலும் தோற்கும்போது அனுப்பிய பைட், வந்த பைட் எல்லாவற்றையும் எண்களாக நேரத்தோடு பதிவில் போடுங்கள். 'ப்ராம்ப்ட் வரவில்லை, காலவரம்பு முடிந்தது' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு சிஐ இயந்திரத்தில் நடந்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கையால் பார்க்க வேண்டியதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தமிழ் 99 போன்ற தட்டச்சு முறைகளில் சில மென்பொருள்கள், முன்பு அனுப்பிய எழுத்தைத் திருத்த நினைக்கும்போது டெர்மினலுக்குப் பேக்ஸ்பேஸ் அனுப்பிவிட்டுப் புது எழுத்தை அனுப்புகின்றன. புள்ளியை மட்டும் நீக்க அனுப்பிய பேக்ஸ்பேஸ், மேலே சொன்ன அகலக் கணக்கால் அடியில் இருக்கும் மெய்யையும் கொண்டுபோகலாம். உங்கள் கருவிக்குத் தமிழில் தட்டும் பயனர்கள் இருந்தால், வெளியீட்டுக்கு முன் ஓர் உண்மையான விசைப்பலகையில் 'வாழ்க' என்று ஒரு முறை அடித்து, புள்ளிக்குப் பின் ஒவ்வோர் எழுத்தாக அழித்து, மேல் அம்புக்குறியில் திரும்ப வரவழைத்துப் பாருங்கள்.